ஓவேட்டா, ஓபோவேட்டா? இலை வடிவம் குறிப்பதிலிருந்து தாவரச் சான்று வாங்கும் வரை: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் தாவரவியல் படிப்பவர்கள், மூலிகையில் புராஜெக்ட் எடுத்திருக்கும் உயிர்வேதியியல், மருந்தியல் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்த வேலை வந்தே தீரும். செடியைப் பறித்து, உலர்த்தி, ஹெர்பேரியம் (உலர்ந்த தாவரத் தொகுப்பு) தாளில் ஒட்டி, இது இன்ன செடிதான் என்று சான்று வாங்க வேண்டும். எந்த ஆவணம், எவ்வளவு செலவு, எத்தனை நாள் என்று எனக்கு யாரும் ஒரே இடத்தில் சொல்லவில்லை. சீனியர் ஒருவரிடம் பாதி, ஆய்வக உதவியாளரிடம் கொஞ்சம், அலுவலக வாசலில் காத்திருந்து மீதி என்று சேர்த்ததுதான் கீழே இருப்பது. நீங்கள் அப்படி அலைய வேண்டாம்.

இதில் அதிகம் சறுக்குகிற இடம் அனுமதியோ பணமோ இல்லை. இலையின் வடிவத்தை எழுதுகிற அந்த ஒரு வரிதான். ஓவேட் (முட்டை வடிவம்) என்பதற்கும் ஓபோவேட் (தலைகீழ் முட்டை வடிவம்) என்பதற்கும் நடுவே ஓரிரு எழுத்துதான் வித்தியாசம். ஆனால் அதை மாற்றி எழுதிவிட்டால், பெயர் கண்டுபிடிக்க உதவும் புத்தகத்தின் அடையாளக் குறிப்பு உங்களை வேறொரு செடிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் அந்தப் பகுதியை மட்டும் விரிவாக எழுதியிருக்கிறேன்.

1. முதலில் மாதத்தைப் பாருங்கள்

பூவோ காயோ இல்லாத கொப்பை யாரும் உறுதியாக அடையாளம் சொல்ல மாட்டார்கள். வெறும் இலையோடு போனால் சான்று கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் செடி கொடிகளுக்கு நல்ல காலம் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை. தென்மேற்குப் பருவமழையின் பின்பகுதியும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து அப்போதுதான் கரடு, ஏரிக்கரை, சாலையோரம் எல்லாம் பூவும் காயுமாக இருக்கும். மார்ச், ஏப்ரலில் புராஜெக்ட் கொடுக்க வேண்டியவர்கள் ஜனவரியில் செடி தேடிக் கிளம்பினால், பாதிச் செடி காய்ந்து போயிருக்கும்.

மரங்களின் கதை வேறு. புரசு மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டு பிப்ரவரி, மார்ச்சில் பூக்கும். அப்படிப்பட்ட மரத்தில் பூவை ஒருமுறை, இலையை மழைக்குப் பிறகு ஒருமுறை என்று இரண்டு தடவை எடுக்க வேண்டும். அதே மரம்தான் என்று தெரிய, அடிமரத்தில் ஒரு துணி கட்டி வையுங்கள், செல்போனில் இடத்தைக் குறித்து வையுங்கள்.

நேரமும் முக்கியம். ஆவாரை, தகரை, புளி, வேர்க்கடலை எல்லாம் பொழுது சாய்ந்தால் சிற்றிலைகளை மூடிக்கொள்ளும். கல்லூரி முடிந்து மாலையில் பறித்தால் மூடிய இலையைத்தான் அழுத்துவீர்கள். அதில் வடிவம் தெரியாது. பனி காய்ந்த பிறகு, காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றுக்குள் பறிப்பது நல்லது.

2. எங்கே பறிக்கலாம், யாரிடம் கேட்க வேண்டும்

சொந்த நிலம், தெரிந்தவர் நிலம், சாலையோரம், ஏரிக்கரை: பட்டப்படிப்புத் தாள்களுக்கு இவையே போதும். தனியார் நிலமென்றால் வாய் வார்த்தையாவது கேட்டுவிடுங்கள். "அண்ணா, காலேஜுக்கு ஒரு கொப்பு மட்டும் ஒடிச்சிக்கட்டுமா?" என்று கேட்டால் மறுப்பவர் அரிது. அந்தச் செடிக்கு அங்கே என்ன பெயர், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் அவரே சொல்லிவிடுவார். அது உங்கள் குறிப்பேட்டுக்கு வேண்டிய தகவல்தான்.

காப்புக்காடு என்றால் மாவட்ட வன அலுவலரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்காதீர்கள். தருமபுரி மாவட்டத்தில் தருமபுரி, அரூர் என்று இரண்டு வனக்கோட்டங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஓசூர் வனக்கோட்டம். நீங்கள் போகும் காடு எந்தக் கோட்டத்தில், எந்தச் சரகத்தில் வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு அங்கேயே கிடக்கும்.

காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது. இரண்டு மாவட்டங்களிலும் பரவியிருக்கிறது. சரணாலயத்துக்குள் ஆய்வுக்குப் போக தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். பி.எஸ்சி. புராஜெக்டுக்கு அந்த வழியே வேண்டாம் என்பது என் கருத்து. அஞ்செட்டிப் பக்கம் கிடைக்கும் செடிகளில் பல, தேன்கனிக்கோட்டை சாலையோரத்திலும் கிடைக்கும்.

வன அலுவலக மனுவுக்கு வேண்டியவை: துறைத்தலைவர், முதல்வர் கையெழுத்திட்ட கடிதம், கல்லூரியில் படிக்கிறீர்கள் என்பதற்கான போனஃபைட் சான்று, அடையாள அட்டை நகல், ஆதார் நகல், எடுக்கப்போகும் செடிகளின் பட்டியல், ஒவ்வொன்றிலும் எத்தனை மாதிரி, எந்த இடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. கூடவே இடத்தைக் குறித்த ஒரு வரைபடம். வரைபடம் இல்லையென்று ஒரு அலுவலகத்தில் என் மனுவைத் திருப்பிவிட்டார்கள். மற்றதெல்லாம் சரியாக இருந்தும் அதற்காக மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. கூகுள் மேப்பில் இடத்தை வட்டமிட்டு ஒரு பிரிண்ட் எடுத்து இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. மனுவின் நகலில் சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்தது ஒரு மாதம் ஆகும் என்று கணக்கு வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். சந்தனத்தைத் தொடாதீர்கள். ஒரு சின்னக் கொப்பு பையில் இருந்தாலும் சோதனைச் சாவடியில் பதில் சொல்லி மாளாது. அடுத்தது யானை. ராகி விளைந்து நிற்கும் மாதங்களில் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை நடமாட்டம் அதிகம். ஊர்க்காரர் துணையில்லாமல் காட்டோரம் போகவே கூடாது; பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும்.

3. வாங்க வேண்டியவை

பெரிய செலவில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று 200 முதல் 300 ரூபாய்க்குள் கிடைக்கும். இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கொப்பு வெட்டும் கத்தரியும் ஏறக்குறைய அதே விலைதான். தாவர அழுத்தியைக் கடையில் வாங்க வேண்டாம். மரக்கடையில் ஒன்றரை அடிக்கு ஒரு அடி அளவில் இரண்டு பிளைவுட் துண்டுகள் அறுத்து வாங்கி, இரண்டு பழைய பெல்ட்டால் இறுக்கினால் முடிந்தது. நடுவில் வைக்க மளிகைக்கடை அட்டைப்பெட்டிகளை வெட்டிக்கொள்ளலாம். பழைய செய்தித்தாள் நிறைய வேண்டும். வழவழப்பான வாரமலர் வகைத் தாள் ஈரம் இழுக்காது, அதை ஒதுக்கிவிடுங்கள்.

ஹெர்பேரியம் தாள் 42 செ.மீ. நீளம், 29 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். கெட்டியான வெள்ளைத் தாள். சில கல்லூரிகளில் சார்ட் அட்டையை வெட்டி ஒட்டச் சொல்கிறார்கள். உள் மதிப்பீட்டுக்கு அது நடக்கும். வெளியே சான்றுக்குப் போகும்போது சரியான தாளிலேயே ஒட்டுங்கள். இதெல்லாம் போக, ஒரு சாதாரண 15 செ.மீ. ஸ்கேல். இந்தக் கட்டுரையில் அதற்குத்தான் வேலை அதிகம்.

4. பறித்த இடத்திலேயே வடிவத்தை எழுதுங்கள்

வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இலை வாடினால் சுருங்கும், ஓரம் சுருளும், சிற்றிலை மடியும். உலர்ந்த பிறகு அளந்தால் நீளமும் அகலமும் ஒரே அளவில் குறைவதில்லை, விகிதமே மாறிவிடும். செடி பசுமையாக இருக்கும்போதே, நின்ற இடத்திலேயே எழுத வேண்டும்.

ஓவேட் என்றால் முட்டையின் அகன்ற பக்கம் காம்பை ஒட்டி இருக்கும், நுனியை நோக்கிக் குறுகும். ஓபோவேட் அதற்குத் தலைகீழ்: நுனிப்பக்கம் அகலம், காம்பை நோக்கிக் குறுகல். தமிழ்வழிப் பாடத்தில் முட்டை வடிவம், தலைகீழ் முட்டை வடிவம் என்று படித்திருப்பீர்கள். படத்தில் பார்க்கும்போது சுலபமாகத்தான் இருக்கும். கையில் நிஜ இலை வந்ததும் குழப்பம் வரும், ஏனென்றால் எந்த இலையும் படத்தில் இருப்பதுபோல் இருக்காது. கண்ணால் பார்த்து எழுதாமல் இப்படிச் செய்யுங்கள்.

முதலில், இலையைக் காம்பு கீழே இருக்கும்படி பிடியுங்கள். மரத்தில் இலை எப்படித் தொங்குகிறது என்பது கணக்கே இல்லை. செடியோடு ஒட்டிய முனைதான் அடி, எதிர்முனைதான் நுனி. தொங்குகிற இலையைத் தொங்கும் வாக்கிலேயே பார்த்து, அகலம் கீழே இருக்கிறது என்று ஓவேட் எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர். பூவிதழுக்கும் இதே விதிதான். இதழ் பூவோடு ஒட்டியிருக்கும் இடமே அடி.

அடுத்து, இலைப்பரப்பின் நுனியை மடக்கி, காம்பு முடிந்து இலை தொடங்கும் இடத்தில் வையுங்கள். காம்பைச் சேர்க்கக் கூடாது. மடிப்பை நகத்தால் லேசாக அழுத்திவிட்டுப் பிரியுங்கள். குறுக்கே ஒரு கோடு தெரியும், அது இலையின் சரிபாதி. இப்போது ஸ்கேலைக் குறுக்கே வைத்து, நுனியிலிருந்து அடிவரை நகர்த்திக்கொண்டே போங்கள். மிக அகலமான இடம் கோட்டுக்கு மேலே, நுனிப்பக்கம் இருந்தால் ஓபோவேட் குடும்பம். கோட்டுக்குக் கீழே இருந்தால் ஓவேட் குடும்பம். கோட்டிலேயே இருந்தால் நீள்வட்டம், அதாவது எலிப்டிக். இரண்டு ஓரமும் கொஞ்ச தூரம் இணையாகவே ஓடினால் ஆப்லாங்.

மூன்றாவது, நீளத்தை அகலத்தால் வகுங்கள். ஒன்றரை முதல் இரண்டு வந்தால் ஓபோவேட் என்று தைரியமாக எழுதலாம். மூன்றுக்கு மேல் போனால் ஓப்லான்சியோலேட், அதாவது தலைகீழ் ஈட்டி வடிவம். நடுவில் நின்றால் 'குறுகிய ஓபோவேட்' என்று எழுதுவது வழக்கம். கரட்டுப் பக்கம் கிடைக்கும் விராலி இலையை அளந்து பாருங்கள். அகலம் நுனிப்பக்கம்தான், ஆனால் நீளமும் ஒடுக்கமும் அதிகம். அது ஓப்லான்சியோலேட்.

பழகுவதற்கு நம் ஊரிலேயே நல்ல இலைகள் இருக்கின்றன. பள்ளிக்கூட வளாகத்தில் நிற்கும் நாட்டு வாதுமையின் பெரிய இலை ஓபோவேட்டுக்கு முதல் உதாரணம். நுனிப்பக்கம் அகன்று, அடியை நோக்கிச் சீராக ஒடுங்கி வரும். அடுத்து வேர்க்கடலை. ஒரு இலைக்காம்பில் இரண்டு இணையாக நான்கு சிற்றிலைகள். ஒவ்வொன்றும் ஓபோவேட், நுனி மழுங்கியிருக்கும். வீட்டு வாசலில் முளைக்கும் பருப்புக்கீரையும் அப்படித்தான். எதிர்மாறுக்கு அவரைக்கொடியின் நடுச் சிற்றிலையை எடுத்துப் பாருங்கள், அகலம் அடிப்பக்கம் இருக்கும். பக்கச் சிற்றிலைகளை மட்டும் அளக்காதீர்கள். அவரையில் பக்கத்து இரண்டும் ஒருபுறம் கோணலாக இருக்கும். மூன்று சிற்றிலை உள்ள எந்தச் செடியிலும் நடுச் சிற்றிலையைத்தான் முதலில் எழுத வேண்டும், பக்கத்தவற்றைத் தனியாகக் குறிக்க வேண்டும்.

எந்த இலையை அளப்பது என்பதும் ஒரு கேள்வி. கொழுந்து வேண்டாம், அடியில் பழுத்தது வேண்டாம், வெட்டிய அடிமரத்திலிருந்து புதிதாகத் துளிர்த்த போத்தில் இருப்பதும் வேண்டாம். அதில் இலை இயல்பைவிடப் பெரிதாகவும் வடிவம் மாறியும் இருக்கும். பூத்த கிளையின் நடுப்பகுதியில் முதிர்ந்த இலைகள் பத்தையாவது அளந்து, சிறிதும் பெரிதுமாக எல்லை எழுதுங்கள். பத்தில் ஏழு ஓபோவேட், மூன்று எலிப்டிக் என்று வந்தால் அதில் தப்பில்லை. 'ஓபோவேட் முதல் எலிப்டிக் வரை' என்றே எழுதுங்கள். தாவர நூல்களிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஒரே சொல்லில் அடக்க வேண்டும் என்று மீதி மூன்றையும் மறைத்தால் பிறகு அடையாளம் காணும்போது நீங்களே தடுமாறுவீர்கள்.

வடிவம் எழுதியதும் நுனியையும் அடியையும் தனித்தனியாகக் குறியுங்கள். ஓபோவேட் இலையில் நுனி வட்டமாக இருக்கலாம், நடுவில் சின்னக் குழி விழுந்திருக்கலாம், ஒரு முள்போல நீட்டிக்கொண்டும் இருக்கலாம். குழி ஆழமாகி, இதயத்தைத் தலைகீழாக வைத்ததுபோல் ஆகிவிட்டால் அது ஓபோவேட் இல்லை, ஓப்கார்டேட். புளியாரையின் மூன்று சிற்றிலைகளைப் பார்த்தால் இந்த வித்தியாசம் பிடிபட்டுவிடும். அதேபோல இலை, இதழ், பூவடிச் செதில் மாதிரித் தட்டையானவற்றுக்குத்தான் ஓபோவேட். பழம், மொட்டு, விதை போலத் திரண்டிருப்பதற்கு ஓபோவாய்ட் என்று எழுத வேண்டும். 'பழம் ஓபோவேட்' என்று எழுதிய தாளைப் பார்த்ததும் மதிப்பிடுபவர் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

குறிப்பேட்டில் இன்னும் எழுத வேண்டியவை: சேகரிப்பு எண், தேதி, ஊர், வட்டம், கடல்மட்டத்திலிருந்து உயரம், செடியா கொடியா மரமா, எவ்வளவு உயரம், பூவின் நிறம், பால் வடிகிறதா, வாசனை உண்டா. பூவின் நிறம் உலர்ந்ததும் போய்விடும், அதனால் அங்கேயே எழுதுங்கள். ஊர்ப்பெயர் எழுதும்போது எந்த மொழி என்றும் குறியுங்கள். ஓசூர், தளி பக்கம் ஆவாரையைத் தெலுங்கு பேசுகிறவர் தங்கேடு என்பார், கன்னடக்காரர் தங்கடி என்பார். புங்கையைக் கேட்டால் ஒருவர் கானுகா என்பார், இன்னொருவர் ஹொங்கே என்பார். மொழி குறிக்காமல் விட்டால் ஒரே செடி உங்கள் பட்டியலில் இரண்டாக வந்துவிடும்.

சேகரிப்பு எண் ஒன்றில் தொடங்கி தொடர்ந்து போக வேண்டும். ஊர் மாறினாலும் ஆண்டு மாறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. ஒரே செடியிலிருந்து எடுத்த எல்லாக் கொப்புக்கும் ஒரே எண்.

5. அழுத்துவதும் உலர்த்துவதும்

ஒரு செடிக்கு மூன்று கொப்பாவது எடுங்கள். ஒன்று கல்லூரிக்கு, ஒன்று சான்று கொடுக்கும் இடத்துக்கு, ஒன்று உங்களுக்கு. சின்னச் செடியென்றால் வேரோடு எடுக்க வேண்டும், ஆனால் அந்த இடத்தில் நிறைய இருந்தால் மட்டும். ஒன்றிரண்டே நின்றால் விட்டுவிடுங்கள்.

தாளில் பரப்பும்போது ஒரு இலையாவது அடிப்பக்கம் மேலே தெரியும்படி திருப்பி வையுங்கள். நரம்பு, ரோமம், சுரப்பி எல்லாம் பெரும்பாலும் அடியில்தான் தெரியும். முதல் நாள் வைத்துவிட்டு அடுத்த நாள் காலை திறந்தால் இலை துவண்டிருக்கும். மடிந்ததை நீவிச் சரிசெய்ய நல்ல நேரம் அதுதான். பிறகு தினமும் தாள் மாற்ற வேண்டும், மழைக்காலத்தில் காலை, மாலை இரண்டு வேளையும். ஒரு வாரம் முதல் பத்து நாளில் உலர்ந்துவிடும். கொப்பைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அவசரப்பட்டு இஸ்திரிப் பெட்டி வைப்பவர்கள் உண்டு. பூ கருகிவிடும், வேண்டாம்.

புளி, ஆவாரை போன்றவற்றில் மெதுவாக உலர்த்தினால் சிற்றிலை உதிரும். உதிர்ந்ததை எறியாமல் ஒரு சின்னக் காகித உறையில் போட்டு, பிறகு தாளின் மூலையில் ஒட்டுங்கள். பருப்புக்கீரை, கள்ளி போன்ற சதைப்பற்றானவை அழுத்தியிலும் வளர்ந்துகொண்டே இருக்கும். பூவை விட்டுவிட்டு மற்ற பகுதியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துத் துடைத்துவிட்டு அழுத்துங்கள்.

6. தாளில் ஒட்டுவது

வெள்ளை நூலால் தையுங்கள் அல்லது ஃபெவிகால் மாதிரிப் பசையால் ஒட்டுங்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். சில வருடத்தில் மஞ்சளாகி உரிந்து வரும்போது இலையையும் சேர்த்து உரித்துவிடும். லேபிள் வலது கீழ் மூலையில். அதில் குடும்பம், தாவரவியல் பெயர், பெயரிட்டவர், ஊர்ப்பெயர், இடம், மாவட்டம், தேதி, சேகரிப்பு எண், உங்கள் பெயர், அடையாளம் கண்டவர் பெயர். இலை வடிவ விவரம் லேபிளில் முழுவதும் இடம் பிடிக்காது, குறிப்பேட்டில் இருந்தால் போதும். பெயர் எழுதும் இடத்தை இப்போதைக்குப் பென்சிலால் எழுதுங்கள்.

பூச்சிக்கு மெர்குரிக் குளோரைடு கரைசல் பூசச் சொல்வார்கள். அது கொடிய விஷம். வீட்டில், விடுதி அறையில் கையாளவே கூடாது. துறையில் ஆழ்குளிர் பெட்டி இருந்தால், தாள்களைப் பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் உலர்ந்த செடியை அரிக்கும் சிகரெட் வண்டும் அதன் முட்டையும் செத்துவிடும்.

7. பெயரைக் கண்டுபிடிப்பது

செல்போன் செயலி சொல்வதை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் உள்ள இருகிளை அடையாளக் குறிப்பை (ஒவ்வொரு படியிலும் இரண்டு வரியில் பொருந்துவதைத் தேர்ந்து பெயருக்குப் போகும் முறை) வைத்து நீங்களே ஓட்டிப் பார்க்க வேண்டும். நம் பகுதிக்கு கேம்பிளின் மதராஸ் மாகாணத் தாவர நூல் இன்னும் உதவுகிறது. 1915-இல் வெளிவரத் தொடங்கியது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதிலுள்ள பெயர்கள் பல மாறிவிட்டன. அங்கே காசியா ஆரிகுலேட்டா என்றிருக்கும் ஆவாரை இன்று சென்னா ஆரிகுலேட்டா. ஆடாதொடை இன்று ஜஸ்டிசியா அடாதொடா. நூலில் கண்டுபிடித்த பெயரை கியூ தாவரத் தோட்டத்தின் 'பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்' தளத்தில் போட்டு இன்றைய பெயரைப் பார்த்த பிறகே லேபிளில் எழுதுங்கள். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் 'இந்தியன் வர்ச்சுவல் ஹெர்பேரியம்' தளத்தில் பழைய தாள்களின் படங்களும் இருக்கின்றன, உங்கள் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நான்காம் படியில் அளந்தது எங்கே உதவுகிறது என்பதற்கு ஒரு உதாரணம். மழைக்குப் பிறகு சாலையோரத்தில் மஞ்சள் பூவோடு மண்டிக் கிடக்கும் இரண்டு செடிகளையும் நம் ஊரில் பலர் பொதுவாகத் தகரை என்றே சொல்லிவிடுகிறார்கள். ஒன்று தகரை, சென்னா டோரா. இன்னொன்று பேயாவாரை, சென்னா ஆக்சிடென்டாலிஸ். தகரையில் பெரும்பாலும் மூன்று இணைச் சிற்றிலைகள், ஓபோவேட், நுனி மழுங்கல். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கீழ்ச் சிற்றிலைகளுக்கு நடுவே ஊசிபோல் ஒரு சுரப்பி நிற்கும். பேயாவாரையில் சிற்றிலை ஓவேட் முதல் லான்சியோலேட் (ஈட்டி வடிவம்) வரை, நுனி கூர்மை, சுரப்பி இலைக்காம்பின் அடியிலேயே இருக்கும். அடையாளக் குறிப்பில் இந்த இரண்டையும் பிரிக்கிற வரி சிற்றிலையின் வடிவமும் நுனியும்தான். அங்கே ஓவேட், ஓபோவேட் மாறினால் பெயரே மாறிவிடும்.

இது மதிப்பெண்ணோடு முடிகிற விஷயமும் இல்லை. பேயாவாரை விதையைத் தின்ற குழந்தைகள் கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்டு இறந்ததை வட இந்தியாவில் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மூலிகை என்று பெயர் போட்டு ஆய்வு செய்கிறவர் எந்தச் செடியை அரைத்தார் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிய வேண்டும். சான்று கேட்பதன் காரணமே அதுதான்.

8. சான்றுக்குப் போவது

நம் மாவட்டங்களிலிருந்து பெரும்பாலோர் போவது கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையத்துக்கு. லாலி ரோட்டில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. மதராஸ் ஹெர்பேரியம் அங்கேதான் உள்ளது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலும் அடையாளம் கண்டு சான்று தருகிறார்கள். உங்கள் வழிகாட்டி எதை ஏற்பார் என்று முதலில் கேட்டுவிடுங்கள். சில துறைகளில் அரசு மையத்தின் சான்றுதான் வேண்டும் என்பார்கள்.

கொண்டுபோக வேண்டியவை: துறைத்தலைவர் வழியாக, மையத்தின் தலைவருக்கு முகவரியிட்ட கோரிக்கைக் கடிதம், உங்கள் பெயர், படிப்பு, புராஜெக்ட் தலைப்பு, வழிகாட்டி பெயர் அதில் இருக்க வேண்டும். பூவோடோ காயோடோ உலர்த்திய மாதிரி, ஒவ்வொரு செடிக்கும் ஒன்றுக்கு இரண்டாக. குறிப்பேட்டின் நகல். செடி நின்ற இடத்தில் எடுத்த படங்கள்: முழுச்செடி, இலையின் மேல், கீழ், பூ கிட்டத்தில், காய். கல்லூரி அடையாள அட்டை. மரத்தின் பட்டையையோ வேரையோ மருந்துக்கு எடுத்திருந்தாலும், இலையும் பூவும் உள்ள கொப்பு வேண்டும். பொடியை மட்டும் கொண்டுபோனால் யாராலும் பெயர் சொல்ல முடியாது.

கட்டணம் உண்டு, செடிக்கு இவ்வளவு என்று. அது அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் முன் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ தொகையும் செலுத்தும் முறையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பணமாக வாங்குவார்களா, இணையவழியா, டிராஃப்டா என்று கேட்காமல் போய்த் திரும்பி வருகிறவர்கள் உண்டு. மத்திய அரசு அலுவலகம் என்பதால் சனி, ஞாயிறு விடுமுறை.

தருமபுரியிலிருந்து சேலம் வழியாகக் கோவை சுமார் 230 கிலோமீட்டர். பஸ்ஸில் ஐந்து, ஆறு மணி நேரம் பிடிக்கும். கிருஷ்ணகிரிக்காரர்கள் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். விடிவதற்குள் கிளம்பினால் மதியத்துக்கு முன் போய்ச் சேரலாம். வெள்ளிக்கிழமை போகாதீர்கள். ஏதாவது ஒரு கையெழுத்து விட்டுப்போனால் திங்கள் வரை காத்திருக்க வேண்டும். தாள்களை இரண்டு அட்டைக்கு நடுவே கட்டி மடியில் வைத்துக்கொண்டு போங்கள், பஸ்ஸின் மேல் தட்டில் வைத்தால் பாதி இலை உடைந்துதான் வந்து சேரும்.

சான்று அன்றே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிபுணர் பார்த்து, ஹெர்பேரியத் தாளோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். சில வாரங்கள் இடைவெளி விட்டுத் திட்டமிடுங்கள். தபாலில் அனுப்புவார்களா, நேரில் வாங்க வேண்டுமா என்று மாதிரி கொடுக்கும் அன்றே கேளுங்கள். மாதிரி பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

சான்று கையில் வந்ததும் அங்கேயே நின்று மூன்றைச் சரிபாருங்கள்: தாவரவியல் பெயரின் எழுத்து, உங்கள் சேகரிப்பு எண், தேதி. சேகரிப்பு எண் ஒன்று மாறியிருந்தாலும் வைவாவில் கேள்வி வரும். பிறகு லேபிளில் பென்சிலால் எழுதிய பெயரைப் பேனாவால் எழுதுங்கள். சான்றின் எண்ணும், மாதிரியை எந்த ஹெர்பேரியத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதும் புராஜெக்டில் 'மூலப்பொருள்களும் முறைகளும்' அத்தியாயத்தின் முதல் பத்தியிலேயே வர வேண்டும். அசல் சான்றைப் பைண்டிங்குக்குக் கொடுத்துவிடாதீர்கள், கலர் நகல் போதும்.